முதியோர் ஊழியத்தைப் பதிவேட்டிலிருந்து தொடங்குதல்: சபைகளுக்கு ஒரு வழிகாட்டி

முதியவர் ஒருவர் சபையை விட்டு ஒரே நாளில் விலகிப் போவதில்லை. முதலில் மாலைக் கூட்டங்களுக்கு வருவது நிற்கிறது. இருட்டில் படி தெரியவில்லை என்பதை அவர் யாரிடமும் சொல்வதில்லை. பிறகு, பல ஆண்டுகளாக உட்கார்ந்த முன்வரிசையை விட்டுக் கதவோரம் போய் உட்காருகிறார். கழிவறை அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதன் பின் திருவிருந்து ஞாயிறன்று மட்டும் வருகிறார். பின்பு அதுவும் இல்லாமல் போகிறது. கோபித்துக்கொண்டு போகிறவரைச் சபை உடனே கவனிக்கும். ஓசையின்றி விலகுகிறவரையோ, "அவரைக் கொஞ்ச நாளாகக் காணோமே" என்று யாராவது கேட்கும்போதுதான் கவனிக்கிறது. அதற்குள் மாதங்கள் கடந்துவிட்டிருக்கும்.

பல சபைகளில் முதியோர் ஊழியம் என்பது ஆண்டுக்கொரு சுற்றுலா, ஒரு விருந்து, ஒரு சிறப்பு ஆராதனை என்ற அளவில் இருக்கிறது. இவை நல்லவையே. ஆனால் இவற்றுக்கு வருகிறவர்கள் ஏற்கெனவே ஆலயத்துக்கு வந்துகொண்டிருக்கிறவர்கள். வராமல் போனவரின் பெயரிலிருந்து தொடங்கும்போது ஊழியம் முற்றிலும் வேறு வடிவம் எடுக்கிறது. எங்கள் சபையில் இந்த ஊழியத்தை ஒழுங்குபடுத்தும் பொறுப்பில் நான் கற்றுக்கொண்டவற்றை, இதைத் தொடங்க நினைக்கும் மற்றச் சபைகளுக்காக எழுதுகிறேன்.

பெயர்களை எழுதுதல்

சபைப் பதிவேட்டை எடுத்து, 60 வயதைக் கடந்த ஒவ்வொருவரின் பெயரையும் தனி ஏட்டில் எழுதுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி 2030-இல் உலகில் ஆறு பேரில் ஒருவர் 60 வயதோ அதற்கு மேலோ ஆனவராக இருப்பார். இளைஞர்கள் வேலைக்காக வெளியூர் போய்விட்ட சபைகளில் இந்தப் பங்கு இப்போதே இதைவிடக் கூடுதலாக இருக்கலாம். எண்ணிப் பார்த்தால் செயற்குழுவினரே வியப்படைவார்கள்.

இந்த ஏட்டில் 62 வயது மகளின் பெயரும் அவருடைய 88 வயதுத் தாயின் பெயரும் ஒன்றாகவே இருக்கக்கூடும் என்பதை மறக்க வேண்டாம். இருவரையும் "முதியோர்" என்ற ஒரே சொல்லில் அடக்கித் திட்டமிட்டால் இருவருக்கும் அது பொருந்தாது. ஆகவே வயதை வைத்துப் பிரிக்காமல், இப்போதைய நிலையை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம்: தாமாகவே வந்து போகக்கூடியவர்கள், யாராவது துணைக்கு வந்தால் வரக்கூடியவர்கள், வீட்டை விட்டு வெளியே வர இயலாதவர்கள். ஒருமுறை கீழே விழுவதோ ஓர் அறுவைச் சிகிச்சையோ ஒருவரை ஒரே வாரத்தில் முதல் பிரிவிலிருந்து மூன்றாம் பிரிவுக்குக் கொண்டுபோய்விடும். ஆதலால் மாதந்தோறும் இந்த ஏட்டைத் திருத்த வேண்டும்.

ஒவ்வொரு பெயரின் எதிரிலும் உடன் வசிப்பவர் யார், பகலில் எத்தனை மணி நேரம் தனியாக இருக்கிறார், கண்ணும் காதும் எப்படி இருக்கின்றன, படி ஏற முடியுமா, துணைவரை இழந்தவரானால் இழந்த தேதி என்ன, கடைசியாகத் திருவிருந்து பெற்றது எப்போது, சபையில் முன்பு என்ன பொறுப்பு வகித்தார் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இவையெல்லாம் ஒருவருடைய சொந்த வாழ்வின் செய்திகள். அவருடைய சம்மதத்தோடு எழுதி, இரண்டு பேர் மட்டுமே பார்க்கக்கூடிய இடத்தில் வைக்க வேண்டும். சபையின் வாட்ஸ்அப் குழுவில் இதில் ஒரு வரிகூட இடம்பெறக் கூடாது.

படிவம் அச்சடித்துக் கொடுத்து நிரப்பி வாங்குவது எளிது, ஆனால் பயன் குறைவு. நேரில் போய் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஆலயத்துக்கு வர உங்களுக்கு எது தடையாக இருக்கிறது? முன்பு செய்துவந்து இப்போது செய்ய முடியாமல் ஏங்குவது எதை? உங்களிடமிருந்து சபை எதைக் கேட்டுப் பெறலாம்? இந்த மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலோர் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

நாங்கள் இதைத் தொடங்கியபோது, பல மாதங்களாகப் படுக்கையில் இருந்த ஒரு பெரியவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டோம். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு தலையணைக்கு அடியிலிருந்து மூலைகள் மடங்கிப்போன ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். சபையின் குடும்பங்களைத் தெரு வாரியாக எழுதி, நாளுக்கு ஒரு தெருவாக ஜெபித்து வந்திருக்கிறார். "புதுசா வந்த குடும்பங்களோட பேரை நாலு வருஷமா யாரும் எனக்குக் கொண்டுவந்து தரலையே" என்றார். உதவி பெறும் நிலையில் இருக்கிறார் என்று நாங்கள் குறித்து வைத்திருந்த மனிதர், சபை தன் வேலைக்கு வேண்டியதைத் தரவில்லை என்று வருந்திக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் புதுக் குடும்பங்களின் பட்டியல் அவருக்குப் போயிற்று.

வேதாகமம் காட்டும் வழி

இதற்கான அடிப்படை வேதத்தில் தெளிவாகவே இருக்கிறது. எண்ணாகமம் 8-ஆம் அதிகாரத்தின் இறுதியில், லேவியர் 25 வயதில் ஆசரிப்புக் கூடாரத்தின் பணிக்குள் வரவும் 50 வயதில் அந்தப் பணியிலிருந்து ஓயவும் கட்டளை இருக்கிறது. ஆனால் ஓய்ந்தவர் வீட்டுக்கு அனுப்பப்படவில்லை. தம் சகோதரரோடு காவல்காத்துத் துணைநிற்கும் இடம் அவருக்கு உண்டு. சுமைதான் அவர் தோளிலிருந்து இறக்கப்பட்டது.

எண்பது வயதுக்காரர்கள் எல்லோரும் ஒரே மனநிலையில் இருப்பார்கள் என்று எண்ணுவதற்கும் வேதம் இடம் தரவில்லை. யோசுவா 14-இல் 85 வயதான காலேப், அரணான பட்டணங்கள் இருந்த மலைநாட்டையே தன் பங்காகக் கேட்கிறான். 2 சாமுவேல் 19-இல் 80 வயதான பர்சிலா, எருசலேமுக்கு வந்து தன்னோடு இருக்கும்படி தாவீது அழைத்தபோது, உணவின் ருசியும் தெரியவில்லை, பாடுகிறவர்களின் குரலும் கேட்கவில்லை என்று சொல்லி, தன் ஊருக்குத் திரும்ப விடைகேட்கிறான். தாவீது வற்புறுத்தவில்லை, முத்தமிட்டு, ஆசீர்வதித்து அனுப்புகிறான். சபையில் இவ்விருவரும் இருக்கிறார்கள். காலேபுக்கு வேலை கொடுக்கத் தெரிய வேண்டும். பர்சிலாவின் மறுப்பை மதிக்கவும் தெரிய வேண்டும்.

அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தை ஊழியத்தை ஒழுங்குபடுத்தும் முறைக்காகவே படிக்கலாம். அன்றாட உதவிப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப் போனார்கள் என்ற முறையீடு எழுந்தபோது, அப்போஸ்தலர்கள் எல்லோரையும் இன்னும் அன்பாக இருக்கும்படி அறிவுறுத்திவிட்டு நிறுத்தவில்லை. ஏழு பேரைச் சபையாரே தெரிந்தெடுக்கச் செய்து, அந்த வேலைக்கென்றே அவர்களை ஏற்படுத்தினார்கள். 1 தீமோத்தேயு 5, பெற்றோருக்குச் செய்யும் கடமையைப் பிள்ளைகள் முதலாவது வீட்டில் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறது. ஆகவே சபை குடும்பத்தின் இடத்தைப் பிடிக்கக் கூடாது. பார்க்க யாருமற்றவருக்கு முன்னுரிமை தர வேண்டும்.

குழுவை அமைத்தல்

இந்த ஊழியத்தைப் போதகர் ஒருவரே சுமக்க இயலாது. அவர் மாறிப் போகும்போது அதுவும் அவரோடு போய்விடும். ஒருங்கிணைக்கும் பொறுப்பை ஒருவரிடம் கொடுத்து, அவருக்குக் கீழே ஒரு குழுவை அமையுங்கள். குழுவில் பாதிப்பேராவது 60 வயதைக் கடந்தவர்களாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முப்பது வயதுக்காரர்கள் மட்டும் கூடித் திட்டமிட்டால், மாலை ஏழு மணிக்குக் கூட்டம் வைப்பார்கள்.

ஒருவரிடம் நான்கு அல்லது ஐந்து பெயர்களுக்கு மேல் ஒப்படைக்க வேண்டாம். வாரம் ஒரு தொலைபேசி அழைப்பு, மாதம் ஒரு சந்திப்பு என்ற அளவே தொடக்கத்துக்குப் போதும். வாரம் இருமுறை வருவதாகச் சொல்லி மூன்றாம் மாதத்தில் நின்றுபோவதைவிட, மாதம் ஒருமுறை சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் போய் நிற்பது எவ்வளவோ மேல். வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருந்து ஏமாந்தவருக்கு அந்த ஏமாற்றம், யாருமே வராமல் இருந்த நாள்களைவிட அதிகமாக வலிக்கும். செல்பவர் வெளியூர் போக நேர்ந்தால் அவருக்குப் பதிலாகப் போகிறவர் யார் என்பதும், அதை முதியவருக்கு முன்கூட்டியே தெரிவிப்பவர் யார் என்பதும் எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

குழு மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் கூடினால் போதும். அந்த நேரத்தில் நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேசாமல், ஏட்டைத் திறந்து பெயர்களை ஒவ்வொன்றாக வாசியுங்கள். இந்த மாதம் சபையிலிருந்து ஒருவர்கூடத் தொடர்புகொள்ளாத பெயர்கள் எத்தனை என்று எண்ணுங்கள். ஊழியம் நடக்கிறதா இல்லையா என்பதை அறிய இந்த ஓர் எண் போதுமானது.

ஞாயிறு ஆராதனையில்

வர விரும்பியும் வர இயலாதவர்களில் பலரை, ஆலயத்தில் செய்யும் சிறு மாற்றங்களாலேயே திரும்ப வரவழைக்கலாம்.

முதலில் காது. முதுமையில் செவித்திறன் குறையும்போது உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒலிகளே முதலில் கேட்காமல் போகின்றன. உயிரொலிகள் கேட்கும், வல்லின மெய்கள் மங்கும். அதனால் படி, கடி, தடி மூன்றும் ஒன்றுபோல் ஒலிக்கின்றன. "சத்தம் கேட்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியல" என்று அவர்கள் சொல்வது இதைத்தான். கத்திப் பேசினால் உயிரொலிதான் பெருகும், சொல் தெளியாது. பேசுகிறவர் சற்று நிதானித்து, முகம் தெரியும்படி நின்று பேச வேண்டும். சன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் முகம் இருளில் மறைந்து உதட்டசைவு தெரியாமல் போகும். மைக் இல்லாமலே தன் குரல் எட்டும் என்று சாட்சி சொல்லவும் அறிவிப்புச் செய்யவும் எழுகிறவர்களிடம், அன்போடும் கண்டிப்போடும் மைக்கைக் கொடுங்கள். உயர்ந்த கூரையும் வெற்றுச் சுவர்களும் உள்ள ஆலயங்களில் எதிரொலி சொற்களை இன்னும் குழப்பும். மைக்கின் ஒலியைச் செவிக்கருவிக்கே நேராக அனுப்பும் கம்பிவளையத்தைத் தரையில் பதிக்க முடிந்தால், அதற்கு ஏற்ற கருவி அணிந்தவர்களுக்கு எதிரொலி இல்லாமல் செய்தி போய்ச் சேரும்.

அடுத்தது கண். ஆராதனை முறைமையையும் பாடல் தாளையும் 18 புள்ளி எழுத்தில், பளபளப்பில்லாத தாளில் அச்சடித்துச் சில பிரதிகள் வையுங்கள். படிகளின் விளிம்பில் வேறு நிறப் பட்டை ஒட்டுவது மிகச் சிறிய வேலைதான், ஆனால் விழுவதைத் தடுக்கும். படியின் இரு பக்கமும் கைப்பிடிக் கம்பி தேவை; ஒரு பக்கம் வலுவிழந்தவருக்கு ஏறும்போது உதவும் கம்பி, இறங்கும்போது எதிர்ப்பக்கத்தில் இருக்கும். சாய்தளம் அமைப்பதானால் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் அமையுங்கள். அதைவிடச் செங்குத்தான சாய்தளத்தில் சக்கர நாற்காலியைத் தள்ளிச் செல்வது கடினம், இறக்குவது ஆபத்து. சக்கர நாற்காலிக்கான இடத்தைக் கடைசி வரிசைக்குப் பின்னால் ஒதுக்காமல் நடுவரிசைகளின் ஓரத்தில் ஒதுக்கினால், அவர் தம் குடும்பத்தோடு உட்கார முடியும். கை வைத்த நாற்காலிகள் சிலவும் வேண்டும்; எழுந்திருக்கும்போது ஊன்றிக்கொள்ள அவை உதவும்.

வெகுநேரம் உட்கார்ந்தோ முழங்காலிட்டோ இருந்துவிட்டுத் திடீரென எழும்போது முதியவர்களுக்கு இரத்த அழுத்தம் சட்டென இறங்கித் தலைசுற்றுவது உண்டு. "இயன்றவர்கள் எழுந்து நிற்கலாம்" என்ற மூன்று சொற்களை ஒவ்வொரு முறையும் நடத்துகிறவர் சொன்னால், உட்கார்ந்திருப்பவர் கூசிக் குறுக வேண்டியதில்லை.

கழிவறையைப் பற்றி எழுதக் கூச்சப்படத் தேவையில்லை. இதய நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் நீர் பிரியும் மாத்திரையைக் காலையில் எடுத்துக்கொள்ளும்படி மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆராதனைக்கு வருவதற்காக ஞாயிறு காலையில் அந்த மாத்திரையைத் தவிர்த்துவிடுகிறவர்களும், மாத்திரையைத் தவிர்க்கக் கூடாது என்பதற்காக ஆராதனையைத் தவிர்த்துவிடுகிறவர்களும் உண்டு. கழிவறைக்குப் போகும் வழியில் படி இல்லாமலும், உள்ளே பிடித்துக்கொள்ளக் கம்பியோடும், தரை வழுக்காமலும் இருந்தால் இந்த இரண்டு தொல்லைகளும் தீரும். உபவாச ஜெபம் அறிவிக்கும்போது, நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உணவைத் தவிர்க்கக் கூடாது என்பதையும் சேர்த்தே அறிவியுங்கள். சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். திருவிருந்தில், விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு அப்பத்தைச் சிறு துண்டாகக் கொடுக்க வேண்டும். அதை அவர்கள் இருக்கைக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் சபைகளில், எல்லோரும் பெற்று முடித்த பின் கடைசியாகப் போகாமல் முதலில் போவது அழகு.

வாகன ஏற்பாட்டில் அழைத்து வருவதைவிடத் திரும்பக் கொண்டுபோய் விடுவதே முதியவரை அதிகம் கவலைப்படுத்துகிறது. ஆராதனை முடிந்து எல்லோரும் பேசிக்கொண்டிருக்கையில், தம்மால் ஒருவர் காத்திருக்கிறாரோ, தம்மை மறந்துவிட்டாரோ என்று தவிப்பார். அழைத்து வருகிறவரே, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதைப் புறப்படும்போதே சொல்லிவிட வேண்டும். நேரடி ஒளிபரப்பு வெளியே வர இயலாதவர்களுக்குப் பெரும் ஆறுதல்; ஆனால் ஒளிபரப்பு இருக்கிறதே என்று சந்திப்பைக் குறைத்துவிடக் கூடாது.

வீட்டுச் சந்திப்பு

முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போங்கள். உடை மாற்றவும், பல்செட் பொருத்தவும், செவிக்கருவியைத் தேடி எடுக்கவும் அவருக்கு நேரம் வேண்டும். உள்ளே போனதும் தொலைக்காட்சியை நிறுத்தலாமா என்று கேட்டு, நன்றாகக் கேட்கும் காதின் பக்கத்தில், அவர் கண்மட்டத்துக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். கட்டிலின் தலைமாட்டில் நின்றபடி பேசினால், வந்தவர் எப்போது புறப்படுவார் என்ற எண்ணமே அவருக்கு இருக்கும்.

அவரைப் பற்றி அவருக்கு முன்பாகவே மகளிடம் கேட்காதீர்கள். "அம்மா நல்லாத் தூங்கினாங்களா?" என்று மகளைப் பார்த்துக் கேட்கும் அந்தக் கணத்தில், அங்கே உட்கார்ந்திருக்கும் அம்மா அறையின் சாமான்களில் ஒன்றாகிவிடுகிறார். "அம்மா, ராத்திரி தூக்கம் வந்துச்சா?" என்று அவரையே கேளுங்கள், பதில் வர நேரமானாலும் காத்திருங்கள். எழுபது வயதில் இருக்கும் எல்லோரும் "பாட்டி", "தாத்தா" என்று அழைக்கப்படுவதை விரும்புவதில்லை. பிள்ளையில்லாதவரை அது குத்தவும் செய்யும். "அம்மா", "ஐயா" என்றோ, அவர் தொழிலை வைத்து எல்லோரும் அழைத்த பெயராலோ அழைப்பது நல்லது. பணி ஓய்வு பெற்று இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் "டீச்சர்" என்று கேட்டால் நிமிர்ந்து உட்காரும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

அரை மணி நேரம் போதும்; களைத்திருந்தால் பத்து நிமிடம். வேதவாசகத்தை அவர் சிறுவயதில் மனப்பாடம் செய்த மொழிபெயர்ப்பிலேயே வாசியுங்கள். வாசிக்க வாசிக்க அவர் உதடுகளும் அசையும். ஜெபிப்பதற்கு முன், எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று கேளுங்கள். உடல்நலத்துக்காக என்று நாம் எண்ணிக்கொண்டிருப்போம். அவரோ, பல ஆண்டுகளாகப் பேசாமல் இருக்கும் மகனுக்காக என்பார்.

பழைய கதையையே திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்று சலித்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963-ஆம் ஆண்டிலேயே, முதுமையில் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது மனத்தின் இயல்பான வேலை என்றும், தீராத பழைய முரண்கள் அதன் வழியாக மேலே வந்து தீர்வு தேடுகின்றன என்றும் எழுதினார். ஊழியம் செய்கிறவருக்கு இது பெரிய வாய்ப்பு. ஒரே சம்பவம் மூன்றாம் முறை வரும்போது, "அன்றைக்கு உங்கள் மனம் எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். அதுவரை சொல்லாத ஒன்று வெளியே வரலாம். அது குற்றவுணர்வாக இருந்தால், அவசரமாக ஒரு வசனத்தைச் சொல்லி அதை மூடிவிடாமல் முழுவதும் கேளுங்கள். தேவைப்பட்டால், அவர் சம்மதத்தோடு போதகரை அழைத்து வாருங்கள்.

"ஆண்டவர் என்னைச் சீக்கிரம் எடுத்துக்கிட்டாப் போதும்" என்ற சொல் பலர் வாயிலிருந்தும் வரும். அது நிறைவான நம்பிக்கையின் சொல்லாகவும் இருக்கலாம், மனச்சோர்வின் சொல்லாகவும் இருக்கலாம். முதியவர்களிடம் மனச்சோர்வு, அழுகையைவிட உடல்வலி, பசியின்மை, தூக்கமின்மை ஆகிய வடிவங்களில் வெளிப்படுவது அதிகம். எனவே ஏன் அப்படிச் சொல்கிறார் என்று நேராகவே கேளுங்கள். உணவும் தூக்கமும் குறைந்திருந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போகக் குடும்பத்தாரைத் தூண்டுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை அவர் வெளியிட்டால் தனியே விட்டுவிட்டு வரக் கூடாது. ஜெபித்தாயிற்று, இனி மருந்து வேண்டாம் என்று சொல்லும் உரிமை சந்திக்கச் செல்லும் யாருக்கும் இல்லை.

மறதிநோய் உள்ளவர்களும் பராமரிப்பவர்களும்

2021-இல் உலகில் 5.7 கோடிப் பேர் டிமென்ஷியா எனப்படும் மறதிநோயோடு வாழ்ந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இந்த நோய் வந்த குடும்பம் வெட்கத்தினாலும் அச்சத்தினாலும் சபையிலிருந்து மெல்ல ஒதுங்கிவிடுகிறது.

மகளை யாரென்று தெரியாமல், சன்னலையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு தாயின் அறையில் ஒருமுறை நாங்கள் மூவர் இருந்தோம். பேச்சு எதற்கும் பதில் இல்லை. கிளம்பும் முன் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்கினோம். இரண்டாவது வாக்கியத்தில் அவர் கைகள் தாமாகவே குவிந்தன. "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை" என்ற இடத்தில் அவர் குரலும் சேர்ந்துகொண்டது. "ஆமென்" வரை ஒரு சொல் தவறவில்லை. மகள் சுவரில் சாய்ந்து அழுதார். பெயர்களும் முகங்களும் நினைவிலிருந்து போன பிறகுகூட, சிறுவயதில் பழகிய பாடலும் ஜெபமும் பலரிடம் எஞ்சி நிற்கின்றன. ஆதலால் இவர்களோடு நடத்தும் ஜெபத்தில் ஒவ்வொரு முறையும் அதே பாடல், அதே வரிசை, அதே முடிவு இருப்பது நல்லது. புதுமை இங்கே உதவாது.

"என்னைத் தெரியுதா?" என்று கேட்டுச் சோதிக்காதீர்கள். உங்கள் பெயரை நீங்களே சொல்லுங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி போதும். இறந்துபோன கணவர் எங்கே என்று கேட்டால், இறந்துவிட்டார் என்று திருத்தி அந்தத் துக்கத்தைப் புதிதாகக் கொடுக்காமல், அவரைப் பற்றிப் பேச வையுங்கள். ஆராதனை நடுவே இவர்கள் எழுந்து நடந்தாலோ உரக்கப் பேசினாலோ, திரும்பிப் பார்க்காமல் இருக்கச் சபையாருக்குப் போதகரே கற்பிக்க வேண்டும்.

பராமரிப்பவரே பெரும்பாலும் வயதான துணைவராக இருப்பார். அவருக்கு அறிவுரையைவிட இரண்டு மணி நேரம் தேவை. வாரத்தில் ஒருநாள், பழகிய ஒருவர் வந்து நோயாளியோடு உட்கார்ந்திருக்க, அவர் ஆராதனைக்குப் போகலாம், மருத்துவரைப் பார்க்கலாம், வெறுமனே தூங்கவும் செய்யலாம். "ஏதாவது தேவைன்னா சொல்லுங்க" என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். "வியாழக்கிழமை பத்து மணிக்கு வருகிறேன்" என்று சொல்லுங்கள்.

பொறுப்பைக் கொடுத்தல்

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1990-இல் எடுத்த தீர்மானத்தின்படி அக்டோபர் 1 உலக முதியோர் நாளாக இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையில் 2021 முதல் ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறு தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்குமான உலக நாளாகக் கொண்டாடப்படுகிறது. இத்தகைய நாளில் முதியவர்களை முன்வரிசையில் உட்கார வைத்து வாழ்த்துவதோடு நிறுத்தாமல், வேதம் வாசிப்பதையும் ஜெபம் நடத்துவதையும் செய்தி கொடுப்பதையும் அவர்களிடம் விடுங்கள். பின்பு அதை ஆண்டு முழுவதற்கும் நீட்டுங்கள்.

வீட்டை விட்டு வர இயலாதவர் தொலைபேசியில் இன்னொரு வீட்டிலிருப்பவரை நாள்தோறும் அழைக்கலாம். தினமும் காலையில் ஒருவர் குரலைக் கேட்பது, இரவில் விழுந்து கிடப்பவர் கண்டுபிடிக்கப்படுவதற்கும் வழியாகும். தீத்து 2-ஆம் அதிகாரம் முதிய பெண்கள் இளம்பெண்களுக்குக் கற்பிக்கும் பொறுப்பைச் சொல்கிறது. புதிதாக மணமானவர்களோடும் முதல் குழந்தை பெற்றவர்களோடும் அவர்களை இணைக்கலாம். தீமோத்தேயுவின் விசுவாசம் பாட்டி லோவிசாளிடமிருந்து வந்ததைப் பவுலே குறிப்பிடுகிறார். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் ஆண்டுக்கொருமுறை போய்ப் பாடிவிட்டு வருவதைவிட, ஒரு பிள்ளை ஒரு முதியவரிடம் ஒரு பருவம் முழுவதும் போய்வருவது இருவருக்கும் நல்லது. சபையின் வரலாற்றை அவர்கள் குரலிலேயே பதிவு செய்யுங்கள். அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

மனம் வருந்தக்கூடிய ஒன்றையும் சொல்ல வேண்டும். முப்பது ஆண்டுகளாக ஒரே பதவியில் இருந்துகொண்டு அடுத்தவருக்கு வழிவிடாத முதியவர்களும் சபையில் உண்டு. அவர்களைத் தேர்தலில் தோற்கடித்து வெளியேற்றுவது காயத்தை விட்டுச் செல்லும். லேவியருக்குச் சொன்னபடியே, இளையவர் சுமக்க, மூத்தவர் உடனிருந்து கற்றுக்கொடுக்கும் ஓராண்டை ஏற்பாடு செய்து, பொறுப்பைக் கைமாற்றும் நாளில் சபை நடுவே ஜெபித்து ஒப்படைக்கச் செய்யுங்கள்.

பாதுகாப்பு

60 வயதைக் கடந்தவர்களில் ஆறில் ஒருவர் ஓராண்டுக்குள் ஏதேனும் ஒருவகைத் துன்புறுத்தலுக்கு ஆளாகிறார் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. சந்திக்கச் செல்வோர் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். விளக்கமில்லாத காயம், பசி, ஒருவர் அறைக்குள் வந்ததும் பேச்சு நின்றுபோவது, பணம் திடீரெனக் காணாமற்போவது ஆகியவற்றைக் கண்டால் யாரிடம் சொல்வது, அவர் என்ன செய்வார் என்பதைக் குழு முன்பே தீர்மானித்திருக்க வேண்டும்.

நம்மிடமிருந்தும் அவர்களைக் காக்க வேண்டும். முதல் சில சந்திப்புகளுக்கு இருவராகப் போங்கள். தேதியைக் குறித்து வையுங்கள். செல்கிறவர் கடன் வாங்கக் கூடாது, வங்கி அட்டையின் ரகசிய எண்ணைத் தெரிந்துவைத்திருக்கக் கூடாது, உயிலில் பயனடைகிறவராக இருக்கக் கூடாது. நோய்ப்படுக்கையில் இருப்பவரிடம் சபைக்காக நிலமோ வீடோ கேட்பது, எவ்வளவு நல்ல நோக்கத்துக்காக இருந்தாலும், செய்யவே கூடாத ஒன்று. தாமே முன்வந்து கொடுத்தால், குடும்பத்தாரும் சபைக்குத் தொடர்பில்லாத வழக்கறிஞரும் இருக்கையில், அவர் தெளிவான மனநிலையில் இருக்கும்போது மட்டுமே ஏற்கலாம்.

கடைசி நாள்களிலும் அதற்குப் பின்பும்

1967-இல் லண்டனில் இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ், இறப்பை நெருங்குகிறவரின் வலியில் உடல், மனம், உறவு, ஆன்மிகம் நான்கும் கலந்திருக்கின்றன என்று கற்பித்தார். மருத்துவர் உடல்வலியைத் தணிக்கும்போது, மற்ற மூன்றிலும் சபைக்கு இடம் இருக்கிறது. எந்தப் பாடல்கள் வேண்டும், எந்த வாசகம், யாரைப் பார்க்க விரும்புகிறார், யாரோடு ஒப்புரவாக விரும்புகிறார் என்பதை, அவர் நன்றாகப் பேசக்கூடிய நாளிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இப்படிக் கேட்பது அவரை வருத்தும் என்று குடும்பத்தார் அஞ்சுவார்கள். கேட்கப்படுவதற்காகக் காத்திருந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அடக்க ஆராதனை முடிந்த பின் ஏட்டில் அவர் பெயரை அடிக்கும் முன்பு, தனித்து விடப்பட்ட துணைவரின் பெயருக்கு எதிரே சில தேதிகளை எழுத வேண்டும்: உறவினர் எல்லோரும் ஊருக்குத் திரும்பிய மறுநாள், மூன்றாம் மாதம், அவர்களுடைய திருமண நாள், முதலாம் நினைவு நாள். இவற்றுக்கெல்லாம் முன்பாக, அவர் தனியாக ஆலயத்துக்கு வரப்போகும் முதல் ஞாயிறு இருக்கிறது. அன்று காலையில் அவரை வீட்டிலிருந்து அழைத்து வருகிறவர் யார், இதுவரை இருவராக உட்கார்ந்த அந்த இருக்கையில் அவர் பக்கத்தில் உட்காருகிறவர் யார் என்ற இரண்டு பெயர்களையும் அந்த வாரத்திலேயே எழுதிவிடுங்கள்.